சொல் விளக்கம்: உடன்படிக்கையைப் புதுப்பித்தல்

"இப்பொழுது தேவனோடு நாம் செய்த ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்வோம்." அண்மையில் ஓர் ஆராதனையை முன்னின்று நடத்தியவர் இப்படி மூன்று முறை சொன்னார். கையில் கொடுத்த ஆராதனைத் தாளிலும் 'ஒப்பந்தப் புதுப்பிப்பு' என்றே அச்சாகியிருந்தது. இந்தச் சொல்லை முன்பும் கேட்டிருக்கிறேன். வாய் தவறி வந்தது என்று ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டேன். அச்சில் பார்த்த பிறகு அப்படி விட மனம் வரவில்லை. வீட்டு வாடகைக்கும் வேலைக்கும் போடுவது ஒப்பந்தம். கடவுளோடு நமக்கு இருப்பது உடன்படிக்கை.

முதலில் மூலச்சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எபிரேயத்தில் பெரீத், கிரேக்கத்தில் தியாத்தேக்கே, இலத்தீனில் தெஸ்தமெந்தும். கிரேக்கச் சொல்லுக்கு வழக்கில் உயில் என்ற பொருளும் உண்டு. எபிரெயர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம் அந்தப் பொருளை வைத்தே வாதம் செய்வதால், நம் பழைய திருப்புதலில் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில்) அவ்விடத்தில் 'மரணசாசனம்' என்று வருகிறது. வேதாகமத்தின் இரு பகுதிகளுக்கும் நாம் சொல்லும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்ற பெயர்களுக்குப் பின்னால் இருப்பதும் இதே சொல்தான்.

தமிழில் உடன் + படு = உடன்படு. நம்பு நம்பிக்கை ஆவதுபோல, கோரு கோரிக்கை ஆவதுபோல, உடன்படு உடன்படிக்கை ஆயிற்று. மலையாளத்தில் உடம்படி என்பார்கள். வேர் ஒன்றே. இந்தக் குடும்பத்துச் சொல் குறளிலேயே இருக்கிறது. உட்பகை அதிகாரத்தின் கடைசிக் குறளில் (890), உடம்பாடு இல்லாதவரோடு வாழ்வது ஒரே குடிசைக்குள் பாம்போடு தங்கியிருப்பதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். அங்கே உடம்பாடு என்பது மன ஒற்றுமை. ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கு இடையே இருக்க வேண்டிய ஒன்று. ஏடும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சொல் தன் பழைய இருப்பிலேயே உறவைச் சுமந்து வந்திருக்கிறது.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 'உடன்படிக்கை கடினமான சொல், இளையவர்களுக்குப் புரியாது, ஒப்பந்தம் எல்லோருக்கும் தெரியும்' என்பது அதை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் காரணம். புரிகிறது என்பது உண்மைதான். என்ன புரிகிறது என்பதே கேள்வி. ஒப்பந்தம் என்றதும் நமக்குத் தோன்றுவன: இரு தரப்பு, நிபந்தனைகள், காலக்கெடு, மீறினால் இழப்பீடு, முடிந்ததும் அவரவர் வழி. இத்தனையும் தெளிவாகப் புரிந்துவிடுகிறது. கடவுளுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவில் இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. தவறான பொருளைத் தெளிவாகத் தரும் சொல்லை எளிய சொல் என்று நான் ஏற்க மாட்டேன்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது, அதைத் தள்ளிவிட முடியாது. 'உடன்படிக்கை என்பதிலும் இரு தரப்பு உண்டே, உடன் என்றாலே சேர்ந்து என்றுதானே பொருள்? ஆபிரகாமும் அபிமெலேக்கு ராஜாவும் தங்களுக்குள் செய்துகொண்டதற்கும் வேதாகமத்தில் அதே சொல்தானே?' என்பார்கள். நியாயமான கேள்வி. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. இரு தரப்பும் சமமாக அமர்ந்து செய்துகொள்வதற்குக் கிரேக்கத்தில் சுந்தேக்கே என்ற சொல் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு, ஒருவர் தம் விருப்பப்படி வகுத்துத் தருவதைக் குறிக்கும் தியாத்தேக்கேயை எடுத்துக்கொண்டார்கள். தமிழில் அப்படி ஒரு தனிச்சொல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடன்படு என்ற வினை நமக்கு உதவுகிறது. ஒருவர் முன்வைக்கிறார், மற்றவர் அதற்கு உடன்படுகிறார். உடன்படுகிறவர் சமமானவராக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த வினையில் இல்லை. பிள்ளை தாயின் சொல்லுக்கு உடன்படலாம். ஒப்பந்தத்திலோ ஒப்பு என்பது முன்னாலேயே நிற்கிறது. கடவுளுக்கு ஒப்பானவர் யார்?

ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தைப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். எபிரேயத்தில் உடன்படிக்கை 'செய்வது' இல்லை, 'வெட்டுவது'. மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைத்து, அந்தத் துண்டங்களின் நடுவே நடந்து போவார்கள். வாக்கை மீறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும் என்பது அதன் பொருள். எரேமியா 34ஆம் அதிகாரத்திலும் கன்றுக்குட்டியின் துண்டங்களுக்கு நடுவே கடந்துபோனவர்களைப் பற்றி வருகிறது. ஆபிராமின் (பின்னாளில் ஆபிரகாம்) இரவில் நடந்தது என்ன? சூரியன் அஸ்தமிக்கிற நேரத்தில் அவன்மேல் அயர்ந்த நித்திரை விழுகிறது. துண்டங்களின் நடுவே கடந்துபோவது புகைகிற சூளையும் அக்கினிச் சுடரும் மட்டுமே. ஆபிராம் நடக்கவில்லை. கடவுள் தனியாக நடக்கிறார், சாபத்தின் சுமையைத் தம்மேலேயே ஏற்றுக்கொள்கிறார். ஒரு தரப்பு உறங்கிக்கொண்டிருக்க மறு தரப்பு மட்டும் எல்லாப் பொறுப்பையும் ஏற்பதை எந்தத் தமிழர் ஒப்பந்தம் என்பார்?

அடுத்தது 'புதுப்பித்தல்'. இங்கேதான் ஒப்பந்தம் என்ற சொல் பெரிய தீங்கு செய்கிறது. ஒப்பந்தம் ஏன் புதுப்பிக்கப்படுகிறது? காலம் முடிந்துவிட்டதால். உரிமத்தையும் காப்பீட்டையும் நாம் புதுப்பிப்பது அப்படித்தான். அப்போது இரண்டு காரியங்கள் நடக்கும்: முடிந்துபோனது மறுபடி தொடங்கும், நிபந்தனைகள் மாறும். ஆராதனையில் 'ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம்' என்று சொன்னால், கேட்கிற எளிய விசுவாசிக்கு என்ன எண்ணம் வரும்? போன வருடத்தோடு அது முடிந்துவிட்டது, இன்று நான் சொன்னால்தான் கடவுள் மறுபடி என்னோடு இருப்பார் என்ற அச்சம் வரும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த ஆராதனை முடிந்ததும் ஒரு முதிய தாயார் என்னிடம் வந்து, "போன தடவை உடம்பு முடியாம வரலையே தம்பி, அது விட்டுப்போயிருக்குமா?" என்று கேட்டார். ஒரு தவறான சொல் ஒரு நல்ல ஆத்துமாவைக் கலங்க வைத்துவிட்டது.

வேதத்தில் புதுப்பித்தல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பொன் கன்றுக்குட்டியைக் கண்டு மோசே கற்பலகைகளை எறிந்து உடைத்த பிறகு, யாத்திராகமம் 34இல் கடவுள் முந்தினவைகளைப் போன்ற இரண்டு பலகைகளை வெட்டிக் கொண்டுவரச் சொல்கிறார். அவற்றில் அவர் எழுதப்போவது முந்தின பலகைகளில் இருந்த அதே வார்த்தைகள். மீறினது மக்கள், ஆனால் நிபந்தனை ஏறவில்லை, வாக்குக் குறையவில்லை. யோசுவா சீகேமில் மக்களைக் கூட்டியபோதும், நெகேமியாவின் காலத்தில் பெரியவர்கள் முத்திரை போட்டபோதும் கடவுள் பக்கத்தில் எதுவும் காலாவதி ஆகியிருக்கவில்லை. விலகிப்போனவர்கள் திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான். யோசியா ராஜா தூணருகே நின்று உடன்படிக்கை பண்ணியபோது மக்கள் செய்ததை எபிரேயம் 'உடன்படிக்கையில் நின்றார்கள்' என்கிறது. நம் பழைய திருப்புதல் 'உடன்படிக்கைக்கு உட்பட்டார்கள்' என்கிறது. எத்தனை அழகான தமிழ்! உடன்படிக்கை முன்பே அங்கே இருக்கிறது. மனிதர்தாம் அதற்குள் வருகிறார்கள்.

திருமுழுக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். திருமுழுக்கு மறுபடி கொடுக்கப்படுவதில்லை. அது தீர்ந்துபோகிற பொருள் இல்லை. நாம் கொடுத்த வாக்கைத்தான் மறுபடி சொல்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், ஆண்டவருக்கும் மனிதருக்கும் இடையிலான உடன்படிக்கை நற்கருணையில் புதுப்பிக்கப்படுகிறது என்று வருகிறது. சீர்திருத்தச் சபைகளில் பலரும் திருவிருந்தைப் பற்றி இதையே சொல்வார்கள். 'இந்தப் பாத்திரம் புதிய உடன்படிக்கை' என்று கேட்டபடி பந்தியில் பங்குபெறுவதே புதுப்பித்தல். அந்த இடத்தில் 'புதிய ஒப்பந்தம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதுக்கே தெரிந்துவிடும்.

இதற்கென்றே தனி ஆராதனை ஒன்றை வழக்கமாக்கியவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் நடந்த உடன்படிக்கை ஆராதனையில் சுமார் 1800 பேர் எழுந்து நின்று உடன்பட்டார்கள். பிற்பாடு அது மெதடிஸ்ட் சபைகளில் புத்தாண்டை ஒட்டிய வழக்கமாயிற்று. இன்று அங்கே சொல்லப்படும் ஜெபத்தின் முதல் வரியின் கருத்து: நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன். உமக்காக என்னைப் பயன்படுத்தும், அல்லது உமக்காகவே என்னை ஒதுக்கி வையும் என்றும் அது கேட்கிறது. ஒப்பந்தம் எழுதுகிறவர் தமக்குரியதைக் காத்துக்கொள்ளவே எழுதுகிறார். தன்னையே கையளித்துவிட்டு, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதில்லை. மனைவியோ கணவனோ அப்படிச் சொல்லலாம். மல்கியா தீர்க்கதரிசி திருமண உறவையும் உடன்படிக்கை என்றே அழைப்பது காரணமில்லாமல் இல்லை.

வேறு சில சொற்களும் உலவுகின்றன. 'பொருத்தனையைப் புதுப்பித்தல்' என்கிறார்கள். பொருத்தனை நாம் கடவுளுக்கு நேர்ந்துகொள்வது, நம் பக்கத்தில் தொடங்குவது. 'புத்தாண்டுத் தீர்மானம்' அதைவிடச் சிறியது, கடவுள் இல்லாமலும் அதை எடுக்கலாம். 'அர்ப்பணிப்பு ஆராதனை' தவறில்லை, ஆனால் அது விடையை மட்டும் சொல்லி, முதலில் அழைத்தவரைச் சொல்லாமல் விடுகிறது. தனித்தமிழ் ஆர்வலர் சிலர் 'உடன்பாடு' போதும் என்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் ஏற்க முடியவில்லை. 'இதில் எனக்கு உடன்பாடில்லை' என்று இன்று நாம் கருத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். இலக்கணத்திலும் எதிர்மறைக்கு மறுதலை உடன்பாடு. சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. உடன்படிக்கையும் நல்ல தமிழ்தானே? அதைக் கழிக்க என்ன தேவை?

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. ஆங்கிலத்தில் கவனன்ட், கான்ட்ராக்ட் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. மூலத்தில் முதலாவது இருக்க, தமிழில் வரும்போது இரண்டாவதற்குரிய சொல்லைப் போடுகிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து வைத்துவிட்டு, பெயர்த்த வரியை ஒருமுறைகூட உரக்க வாசித்துப் பார்ப்பதில்லை. ஆராதனைக்கான தமிழ் வாயால் சொல்லப்படுவது, ஒரே குரலில் பலர் சேர்ந்து சொல்வது. நூற்றாண்டுகளாக உடன்படிக்கைப் பெட்டி, உடன்படிக்கையின் தூதன், நித்திய உடன்படிக்கை என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாவுக்கு ஒரே நாளில் வேறு சொல்லைக் கொடுத்தால், வேதத்துக்கும் ஆராதனைக்கும் நடுவே இருக்கிற நூல் அறுந்துவிடும். ஆராதனைத் தாளில் ஒப்பந்தம் என்று கண்டவர் வீட்டுக்குப் போய் வேதாகமத்தைத் திறந்தால், அதே காரியம்தான் என்று எப்படிக் கண்டுகொள்வார்?

ஆகவே 'உடன்படிக்கையைப் புதுப்பித்தல்' என்பதே இருக்கட்டும், ஆராதனைக்கும் 'உடன்படிக்கை ஆராதனை' என்ற பெயரே போதும். எனக்கு இன்னும் ஓர் ஆசை உண்டு. அழைப்பு வாக்கியத்தை 'உடன்படிக்கையில் நம்மைப் புதுப்பிக்கும்படி தேவனை வேண்டுவோம்' என்று எழுதினால் பொருள் இன்னும் நேராக விழும். 51ஆம் சங்கீதத்தில் தாவீது 'புதுப்பியும்' என்று கேட்டதும் தன் உள்ளத்தைப் பற்றித்தான். அந்தத் தாயாரிடமும் நான் இதைத்தான் சொன்னேன்: "விட்டுப்போகலைம்மா. அவர் பக்கத்துல அது முடியவே இல்லை."