பாலுண்ணிக்கு வைக்கும் வண்டு மருந்து வாய்க்குள் போனால்

"பாலுண்ணிக்கு வைத்த மருந்தையே வாய்ப்புண்ணுக்கும் தடவலாமா டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. அது காந்தாரிடின் என்றால், இல்லாத வாய்ப்புண்ணையும் வரவழைத்துவிடும்.

காந்தாரிடின் கொப்புள வண்டின் நஞ்சு. வெண்டைப் பூ, துவரைப் பூ எல்லாம் தின்னும் வண்டு; கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை. நசுக்கினால் கால் மூட்டிலிருந்து மஞ்சளாக நீர் கசியும். அது பட்ட இடம் சில மணி நேரத்தில் கொப்பளிக்கும். 1810இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரொபிக்கே இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார். தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் இணைப்புகளை இது அறுத்துவிடும். மேல்தோலுக்குள்ளேயே கொப்புளம் எழும்பி, பாலுண்ணியோடு உரிந்துவிடும். பெரும்பாலும் தழும்பு விழாது. முத்துமுத்தாக வரும் பாலுண்ணிக்கு 0.7 சதவீதக் கரைசலை அமெரிக்கா 2023இல் அங்கீகரித்தது. வைத்த இடம் தெரிய அதில் ஊதா நிறமும், பிள்ளைகள் நக்காமலிருக்கக் கடும் கசப்பும் சேர்த்திருக்கிறார்கள். மருத்துவப் பணியாளர்தான் வைக்க வேண்டும், 24 மணி நேரம் கழித்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் சூப்பும் பிள்ளைக்குக் கையில் வைக்க நான் தயங்குவது, மருந்து வாய்க்குள் போய்விடும் என்பதால்தான்.

வாயின் உட்சவ்வு மெல்லியது, எப்போதும் ஈரம். கொப்புளம் அங்கே நிற்காமல் உடைந்து பச்சைப் புண்ணாகிவிடும். பார்க்கிறவர்கள் 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடுவார்கள். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டாக வந்து, ஓரிரு வாரத்தில் ஆறும். இதில் உதடு, நாக்கு, தொண்டை எல்லாம் சில மணி நேரத்திலேயே வெந்து, எச்சில்கூட விழுங்க முடியாது. அப்புறம் சிறுநீர் எரியும், ரத்தமும் போகும். நஞ்சு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வாய்ப்புண்ணும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்து வந்தால் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். பதில் லேசில் வராது, ஏனென்றால் ஆண்மை மருந்தென்று இதை விழுங்குவது பழைய வழக்கம். 1954இல் லண்டனில் ஒருவர் இந்த எண்ணத்தோடு தேங்காய் மிட்டாயில் கலந்து கொடுக்க, உடன் வேலை செய்த 2 பெண்கள் இறந்தே போனார்கள். நம் நாட்டில் நாய்க்கடிக்கு வண்டை அரைத்துக் குடித்து சிறுநீரகம் பழுதானவர்களும் உண்டு.

முறிமருந்து கிடையாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலே வரும்போது மறுபடி வேகும். பால், நெய் வேண்டாம். கொழுப்பில் கரையும் நஞ்சு, உடம்பில் இன்னும் வேகமாக ஏறும். மீதமுள்ள பாட்டிலையோ வண்டையோ கையோடு எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.