வாயில் இரும்பு இல்லை என்றால் குதிரைக்கு வலிக்காதா?

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "எனக்குக் குதிரையை நோகடிக்க இஷ்டமில்லைங்க, வாயில் இரும்பு வைக்காத கடிவாளத்தில்தான் கற்றுக்கொள்வேன்." நல்ல மனசு. சரி என்றேன். கால் மணி நேரத்தில் அவருடைய இரண்டு கைகளும் லகானை நெஞ்சு வரைக்கும் இழுத்துப் பிடித்திருந்தன. எங்கள் லாயத்தின் 17 வயதுக் குதிரை டஸ்டி தலையை வானத்துக்குத் தூக்கி, கழுத்தை விறைத்து, கண்ணோரம் வெள்ளை தெரிய நடந்துகொண்டிருந்தது. மேலே இருந்தவருக்கு அது தெரியவே இல்லை. மூக்கின்மேல் இருப்பது வெறும் தோல் பட்டைதானே, அது என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையடிவாரத்தில் 14 வருடமாக வெஸ்டர்ன் முறைக் குதிரையேற்றம், அதாவது அமெரிக்க மாட்டுக்காரர்கள் பாணி, சொல்லிக்கொடுக்கிறேன். பிட், அதாவது வாயில் வைக்கும் அந்த இரும்பு, இல்லாத கடிவாளத்தில் கற்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். அது நல்ல விஷயம், நானும் புதியவர்களை அதில்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் "பிட் இல்லை, அதனால் மென்மை" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் அடிபடுவது குதிரைதான், அப்புறம் சில நாளில் மேலே உட்கார்ந்திருப்பவரும்.

கடிவாளம் என்ற நம் சொல்லுக்குள்ளேயே ஒரு 'கடி' உட்கார்ந்திருக்கிறது; வாயில் வைக்கும் இரும்புத் துண்டு இல்லாமல் அதை நினைத்துப் பார்ப்பதே நமக்குக் கொஞ்சம் சிரமம். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் விளக்கினால் உடனே "மூக்கணாங்கயிறு மாதிரியா?" என்பார்கள். அப்படியில்லை. மாட்டுக்கு மூக்கைக் குத்திக் கயிறு கோர்க்கிறோம். இங்கே எதையும் குத்துவதில்லை, துளைப்பதில்லை. மூக்கெலும்பின் மேல் ஒரு பட்டையோ வளையமோ உட்காரும், லகான் அதிலிருந்து வரும். அவ்வளவுதான்.

அந்த மூக்கெலும்பைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். குதிரையின் முகத்தில் கண்ணுக்குக் கீழே கன்னத்தோடு ஓடும் ஒரு மேடு கைக்குத் தட்டுப்படும். அந்த மேடு முடியும் இடத்திலிருந்து மூக்கு நுனியை நோக்கி நடுவில் விரலை அழுத்திக்கொண்டே போனால், கெட்டியாக இருந்த எலும்பு மெல்ல மெல்லக் குறுகி ஓர் இடத்தில் சட்டென்று முடிந்துவிடும். அதற்குக் கீழே விரல் அமுங்கும். வெறும் குருத்தெலும்பும் சதையும்தான். எலும்பின் அந்த நுனி மிகவும் மெல்லியது. பட்டை அங்கே உட்கார்ந்தால் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் நுனியில் அழுத்தும். இன்னும் கீழே இறங்கினால் மூச்சையே அடைக்கும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. ஓடி இளைத்தாலும் நம்மைப் போல வாயால் மூச்சு வாங்க அதற்கு வழியில்லை. அதனால் கன்ன மேடு முடியும் இடத்துக்கு ஓரிரு விரற்கடை கீழே, கெட்டி எலும்பின் மேலேயே பட்டை நிற்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாக.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்த நான்காவது வருடம், ஒரு இளம் குதிரைக்கு அவசரத்தில் பட்டையை ஒரு ஓட்டை தாழ்த்தி மாட்டிவிட்டேன். நான் ஏறினதிலிருந்து அது தலையை உதறிக்கொண்டே இருந்தது, வேகமெடுத்தால் கரகரவென்று சத்தம். முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் சேணத்தைக் கழற்றும்போது தற்செயலாகப் பட்டைக்கு அடியில் விரலை விட்டேன், பஞ்சு மாதிரி அமுங்கியது. அந்தக் குதிரை இரண்டு நாளாக மூச்சுக்குப் போராடியிருக்கிறது, நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதும் யாராவது "குதிரை தலையை ஆட்டுது சார்" என்றால் முதலில் இறங்கச் சொல்லி, பட்டை எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் ஒன்று செய்து காட்டுவதுண்டு. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பின்மேல் அந்த மூக்குப் பட்டையை வைத்து, பின்னாலிருந்து லகானை இழுப்பேன். முதலில் ஒரு தடவை இழுத்து உடனே விடுவேன்: ஒன்றும் வலிக்காது, எந்தப் பக்கம் இழுத்தேன் என்று தெளிவாகத் தெரியும். அப்புறம் அதே பலத்தில் இழுத்து அப்படியே பிடித்துக்கொள்வேன். பத்து விநாடியில் முகம் மாறும், இருபது விநாடியில் காலை உருவிக்கொள்ளப் பார்ப்பார்கள். குதிரையின் மூக்கின்மேலும் நம் காலைப் போலத்தான், தோலுக்கு அடியில் நேரே எலும்பு, நடுவில் சதை கிடையாது. இதற்குப் பிறகு நான் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

எந்தக் கடிவாளத்தில் தொடங்குவது? என் பதில் சைடுபுல். மூக்குப் பட்டையின் இரண்டு பக்கத்திலும் வளையம், அதில் லகான். இடது லகானை இழுத்தால் மூக்கு இடது பக்கம் போகும், கை செய்வது குதிரைக்கு நேராகப் போய்ச் சேரும், நெம்புகோல் வேலை எதுவும் நடுவில் இல்லை. தோலில் செய்தது வாங்குங்கள். விறைப்பான கயிற்றில் செய்தவையும் விற்கிறார்கள், அவை மூக்கை அறுத்துவிடும், புதியவர் கைக்கு ஆகாது. தாடைக்கு அடியில் பட்டைகள் குறுக்காகப் போகும் வகையும் உண்டு. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் குக் பரவலாக்கியது அது. சில குதிரைகளுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. என் அனுபவத்தில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி, கையை விட்ட பிறகும் சட்டென்று தளராது, கற்றுக்கொள்கிறவருக்கு அது குழப்பம்.

நான் பயப்படுவது மெக்கானிக்கல் ஹாக்கமோரைப் பார்த்து. கடையில் "பிட் இல்லாதது" என்ற வரிசையில்தான் அதையும் தொங்கவிடுகிறார்கள், வாங்குகிறவர்களும் குதிரைக்கு நல்லது செய்கிறோம் என்று சந்தோஷமாக வாங்கி வருகிறார்கள். பக்கவாட்டில் நீளமான இரும்புத் தண்டு, தாடைக்கு அடியில் சங்கிலி. லகானை இழுத்தால் தண்டு நெம்பி, மூக்கையும் தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்து நெருக்கும். தண்டு நீளமாக நீளமாக நம் கையின் பலம் பல மடங்காகும். வாயில் இரும்பு இல்லைதான், ஆனால் பயந்துபோன ஒரு கையில் அது இடுக்கி. இன்னொரு தொல்லை, ஒரு பக்கம் இழுத்தாலும் இரண்டு பக்கமும் நெருக்குவதால் திருப்பக் கற்றுக்கொடுக்கவும் உதவாது. கழுத்தில் லகான் பட்டாலே திரும்பப் பழகின குதிரை, பதறாத கை, இரண்டும் இருந்தால் மலைப்பாதையில் பயன்படுத்தட்டும். முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம்.

சரி, உண்மையான ஹாக்கமோர் எது? ஸ்பானிய மொழியின் ஹாக்கிமா என்ற சொல்தான் அமெரிக்க மாட்டுக்காரர்கள் வாயில் ஹாக்கமோர் ஆனது. ஸ்பானியர்கள் 1769இல் இந்தக் கலிஃபோர்னியாவுக்குள் வந்து குடியேறத் தொடங்கியபோது குதிரைகளும் கூட வந்தன, அவர்களிடம் மாடு மேய்த்த வக்கேரோக்கள் வளர்த்த முறை இது. பச்சைத் தோலைப் பின்னிச் செய்த வளையம், அதற்குப் பெயர் போசால். தாடைக்குக் கீழே தொங்கும் கனமான முடிச்சு. அதோடு குதிரைப் பிடரி மயிரைத் திரித்த மெக்காத்தே என்ற கயிறு, சுமார் 22 அடி, அதையே லகானாகவும் மிச்சத்தைப் பிடிகயிறாகவும் கட்டிக்கொள்வார்கள். இளம் குதிரையை இதில் தொடங்கி, பிறகு மெல்லிய போசாலோடு பிட்டையும் சேர்த்து இரட்டை லகானில் ஓட்டி, பல வருடம் கழித்துத்தான் பிட் மட்டும் போடுவார்கள். கையைத் தளர்த்தியதும் அடியில் இருக்கும் முடிச்சின் கனத்தில் வளையம் தானே தாடையை விட்டு விலகித் தொங்கும், அந்த விலகல்தான் குதிரைக்குச் "சரியாகச் செய்தாய்" என்ற பதில். இறுக்கிக் கட்டினால் அது நடக்காது. அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் அசோசியேஷன் போட்டி விதியிலேயே வளையத்துக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளியாவது கேட்கிறார்கள்.

இனி கை. எந்தக் கடிவாளமாக இருந்தாலும் குதிரை கற்றுக்கொள்வது நாம் விடும் நொடியில்தான், இழுக்கும் நொடியில் இல்லை. இரண்டு லகானையும் சேர்த்து நேராக இழுத்துப் பிடித்தால் குதிரை அதன்மேல் சாய்ந்துகொள்ளும். ஐந்நூறு கிலோ பிராணியோடு கயிறு இழுக்கும் போட்டியில் யார் ஜெயிப்பார்கள்? அதனால் நிறுத்துவதை முதலில் உடம்பால் செய்யப் பழக்குகிறேன்: மூச்சை வெளியே விட்டு, இடுப்பைத் தளர்த்திச் சேணத்தில் ஆழமாக உட்கார், நிற்கச் சொல், அதற்கும் நிற்காவிட்டால்தான் லகான். கை தடுமாறினால் லகானைப் பிடித்துத் தொங்காதே, சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைப் பிடி, பிடரியைப் பிடி, வெட்கமே வேண்டாம். கால் வைக்கும் அங்கவடியில் இன்னும் நிலைக்காத ஆள் தடுமாறும்போதெல்லாம் கை லகானில் குதிக்கும். அந்த உதறல் வாய்க்குள் பல் இல்லாத ஈறின்மேல் உட்கார்ந்திருக்கும் இரும்பில் போய் அடிப்பதைவிட, அகலமான தோல் பட்டையில் விழுவது எவ்வளவோ மேல். சைடுபுல்லில் தொடங்கச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் பெரிய காரணமே இதுதான்.

ஒற்றை லகானில் நிறுத்துவதையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கையை லகானோடு வழுக்கிக்கொண்டு முன்னே கொண்டுபோய், மெல்ல உங்கள் தொடைப் பக்கம் கொண்டுவாருங்கள். மூக்கு திரும்பும், பின்னங்கால் ஒன்றை ஒன்று தாண்டிக் குறுக்கே போகும், வேகம் செத்துவிடும். கால்கள் நின்ற கணமே விட்டுவிடுங்கள். நடையில் நூறு தடவை பழகுங்கள், அப்புறம் துள்ளு நடையில். பாய்ச்சலில் ஓடும் குதிரையைத் திடீரென்று மடக்கினால் கால் பின்னிக் கவிழ்ந்துவிடும், எனவே வேகம் ஏறும்முன் செய்கிற வேலை இது. அதோடு, பிட்டில் மட்டுமே ஓடிப் பழகின குதிரைக்கு இன்று சைடுபுல்லை மாட்டி இன்றே வெளியே கொண்டுபோகாதீர்கள். வட்ட வேலிக்குள் கீழே நின்றுகொண்டு திருப்பிப் பாருங்கள், பின்னால் தள்ளிப் பாருங்கள், அது புரிந்துகொண்ட பிறகு ஏறலாம். தலையில் ஹெல்மெட், தொப்பி இல்லை.

போன மாதம் சேர்ந்த அந்தப் பெண் இப்போது என்னிடம் ஆறாவது பாடத்துக்கு வந்திருக்கிறார். நேற்று டஸ்டியை நிறுத்தியபோது லகான் கொஞ்சம் தொய்ந்துதான் இருந்தது. தலை தாழ்ந்து, ஒரு காது அவர் பக்கம் திரும்பியிருந்தது. இறங்கி, பட்டைக்கு அடியில் விரலை விட்டு முடி தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே, போசாலுக்கு எப்போது மாறலாம் என்று கேட்டார். லகானைச் சேணக் கொம்பில் போட்டுவிட்டுத் துள்ளு நடையில் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டுங்கள், அன்றைக்கு எடுத்துத் தருகிறேன் என்றேன்.