ஒரே களிமண் பலகை, ரெண்டு ராஜா கணக்குல

பிரிட்டிஷ் மியூசியத்துல கே 6205ன்னு ஒரு உடைஞ்ச களிமண் பலகைத் துண்டு இருக்கு, அசீரியத் தலைநகர் நினிவேல தோண்டி எடுத்தது. அதுல யூதா நாட்டு ராஜா ஒருத்தர் பேரோட வால் மட்டும்தான் மிச்சம், அதை அசரியான்னு படிச்சுட்டாங்க, அதனால இது அசரியா காலத்து அசீரிய ராஜா மூணாம் திக்லாத் பிலேசரோட சாசனம்னே ரொம்ப காலம் ஓடுச்சு. அதே மியூசியத்துல 82-3-23, 131ன்னு இன்னொரு துண்டு (1882 மார்ச் 23ல பதிவானதுன்னு அந்த நம்பரே சொல்லுது), இதை இன்னொரு அசீரிய ராஜா ரெண்டாம் சர்கோன் கணக்குல வச்சிருந்தாங்க.

1974ல நாடாவ் நாமான்ங்கற ஆய்வாளர் ரெண்டும் ஒரே பலகைதான்னு காட்டினார். இதுல பாதில நிக்கிற வரி அதுல தொடருது! சேர்த்துப் படிச்சா, மலைமேல இருந்த அசேக்கா கோட்டையைப் பிடிச்ச கதை வருது, அந்த யூதா ராஜாவும் அசரியா இல்ல, எசேக்கியா. திக்லாத் பிலேசரை வச்சு இந்தத் துண்டு மேல கட்டின வரலாறு அப்படியே விழுந்துடுச்சு. படையெடுத்தது யாருன்னு மட்டும் இன்னும் சண்டை, ஏன்னா அந்த அசீரிய ராஜா பேர் இருந்த இடம் கிடைக்கல. நாமான் கி.மு. 701ல வந்த அசீரிய ராஜா சனகெரிப்னு சொன்னார், சர்கோன்தான்னு சொல்றவங்களும் இருக்காங்க.

இந்த எழுத்தைப் படிக்கிறதே பெரிய வேலைங்க. ஈரக் களிமண்ல நாணல் குச்சியை அழுத்தி எழுதினது, அதனால ஒவ்வொரு கோடும் ஒரு குட்டிப் பள்ளம், நேரா லைட் அடிச்சா ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல அடிச்சாதான் நிழல் விழுந்து எழுத்து எழும்பும், பூச்சு சரியில்லாத சுவர் டியூப்லைட் பக்கத்துல மேடு பள்ளமா தெரியுமே அப்படி. 2001ல ஹெச்பி லேப்ல டாம் மால்ஸ்பெண்டர் குழு வெளியிட்ட முறை இதையே கம்ப்யூட்டருக்குக் கொண்டு போச்சு. கேமராவை அசைக்காம லைட்டை மட்டும் மாத்தி மாத்தி நிறைய போட்டோ எடுக்கணும், ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கத்து வெளிச்சத்துக்கு எவ்வளவு மின்னுதுன்னு பார்த்து அந்த இடம் எந்தப் பக்கம் சரிஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டுடும், அப்புறம் ஸ்கிரீன்லயே லைட்டை எந்தத் திசைக்கு வேணா நகர்த்திப் படிக்கலாம்.

ஆனா உடைஞ்சு போன இடத்துக்கு எந்த லைட்டும் உதவாது. அங்க ஆய்வாளர் தானா நிரப்பினதை சதுர அடைப்புக்குறிக்குள்ள போடுவாங்க. சாசன மொழிபெயர்ப்பு படிக்கிறப்ப தயவுசெஞ்சு அதைத் தாண்டிப் போயிடாதீங்க, எசேக்கியா பேரோட முன்பாதியே அதுக்குள்ளதான் இருக்கு.