தலைசுற்ற வைக்கும் கலோரிக் பரிசோதனை: வந்தால் நல்லது

தலைசுற்றலுக்கு மருத்துவம் தேடி வருபவரிடம், காதில் குளிர்ந்த நீரையும் சூடான நீரையும் செலுத்திச் சிறிது நேரம் தலைசுற்ற வைக்கப் போகிறோம் என்று சொன்னால், அவர் தயங்குவது இயல்பே. ஆனால், கலோரிக் பரிசோதனையில் தலைசுற்றல் வருவது அந்தக் காதின் சமநிலை உறுப்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். "எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, டாக்டர்" என்று நோயாளி மகிழ்ச்சியோடு சொல்லும் காதைத்தான் நாங்கள் சந்தேகத்தோடு பார்க்கிறோம்.

ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் கிடைமட்டக் குழல் செவிக்குழாய்க்கு அருகில் இருப்பதால், வெளியிலிருந்து வரும் வெப்பமோ குளிர்ச்சியோ அதைத்தான் முதலில் எட்டுகிறது. மல்லாந்து படுத்தவரின் தலையை 30 டிகிரி உயர்த்தினால் அந்தக் குழல் ஏறக்குறைய செங்குத்தாகிவிடும். அந்நிலையில் சூடுபட்ட பகுதியின் திரவம் அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்தது கீழிறங்க, குழலுக்குள் மெல்லிய ஓட்டம் உண்டாகி, அங்குள்ள உணர்மயிர்களை வளைக்கிறது. தலை அசையாமல் கிடக்க, அது சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகிறது. கண்கள் மெதுவாக ஒருபுறம் நகர்ந்து, வெடுக்கென மறுபுறம் திரும்பும் இந்த ஆட்டத்தையே நிஸ்டாக்மஸ் என்கிறோம். வேகமான அசைவு, குளிர்நீருக்கு எதிர்க்காதின் பக்கமும் சூடான நீருக்கு அதே காதின் பக்கமும் செல்லும்.

இந்தத் திசை மாற்றத்தைக் கவனித்து விளக்கியவர் வியன்னாவில் பணியாற்றிய ராபர்ட் பாரானி. 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். அவரது விளக்கம் முழுமையானதன்று என்பதை 1983-இல் ஸ்பேஸ்லேப் விண்கலச் சோதனை காட்டியது. எடையற்ற நிலையில் திரவம் மேலெழவோ கீழிறங்கவோ வழியில்லை. ஆயினும் விண்வெளி வீரர்களின் கண்கள் ஆடின. வெப்பம் வேறு வழிகளிலும் உணர்வுறுப்பைத் தூண்டுகிறது என்பதே அதன் பொருள்.

இன்றும் 1942-இல் வகுக்கப்பட்ட முறையே அடிப்படை: உடல் வெப்பத்துக்கு 7 டிகிரி குறைவாக 30 டிகிரி செல்சியஸ் நீரும், 7 டிகிரி கூடுதலாக 44 டிகிரி நீரும், இடைவெளி விட்டு ஒவ்வொரு காதிலும் செலுத்தப்படும். வெளிச்சம் புகாத கண்ணாடிக்குள் இருக்கும் கேமரா விழிகளைப் படம்பிடிக்கும். அப்போது எண்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வோம். மனம் விழிப்பாக இல்லாவிட்டால் கண்ணாட்டம் அடங்கிப் போய்த் தவறான முடிவு கிடைக்கும். பிறகு ஒரு சிறு விளக்கைப் பார்க்கச் சொன்னதும் ஆட்டம் குறைய வேண்டும். குறையாவிட்டால் கோளாறு காதில் இல்லாமல் மூளையில் இருக்கலாம். இரு காதுகளின் பதில்களுக்கிடையே ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால், பெரும்பாலும் குறைவாகப் பதில் தரும் காதைப் பலவீனமானதாகக் கொள்வோம். எனினும், மிக மெதுவான தூண்டலுக்குக் கிடைமட்டக் குழல் தரும் பதிலை மட்டுமே அளக்கும் சோதனை இது என்பதால், இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வது சரியன்று.

செவிப்பறையில் ஓட்டையோ முன்பு காது அறுவைச் சிகிச்சையோ இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அத்தகையவர்களுக்கு நீரைப் பயன்படுத்துவதில்லை. தலைசுற்றல் மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் முடிவை மாற்றும். அவற்றை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார், தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. உண்டாகும் சுழற்சி ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும்.

வீட்டில் குளிர்ந்த சொட்டு மருந்தைக் காதில் விட்டதும் சுற்றுவதற்கும் இதே காரணம்தான். புட்டியைச் சில நிமிடம் உள்ளங்கையில் பொதிந்து வைத்திருந்து விட்டால் போதும். அப்படியும் சுற்றல் நெடுநேரம் நீடித்தாலோ, திடீரெனக் காது கேட்காமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ வெப்பநிலையைக் காரணம் காட்டிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.