மழை பெய்யாமலே நனையும் கார்ப்பெட்

காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடலோரமாக நிற்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். மழை பெய்து பல வாரம் ஆகியிருக்கும், ஆனாலும் அடியில் மெத்தைபோல இருக்கும் ஃபெல்ட் பிசுபிசுக்கும். அந்த ஈரம் எங்கிருந்தும் ஒழுகி வந்ததல்ல. காற்றிலிருந்து வந்தது.

வேலையைச் செய்வது உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சோடியம் குளோரைடு நீராவியை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். சென்னையில் பெரும்பாலான விடியற்காலைகள் அந்த அளவைத் தாண்டிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். கடலோரத்தில் உச்சிவெயிலில்கூட ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அரிது. ஆகவே, செருப்பு மணலும் மீன் கூடையில் சொட்டிய தண்ணீரும் விட்டுச்சென்ற உப்பு இருக்கும்வரை கார்ப்பெட் முழுதாகக் காயாது.

அடியில் வண்டித் தரையின் தகரத்துக்கு என்ன ஆகிறது என்பதை, உலோக அரிப்பை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யூலிக் எவன்ஸ் ஒரே ஒரு துளி உப்புத் தண்ணீரை இரும்பின் மேல் வைத்துக் காட்டினார். துளியின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவுக்குக் கிடைப்பதில்லை. இந்த வேறுபாடே அந்தத் துளியை ஒரு சிறு பேட்டரி ஆக்குகிறது. இரும்பு கரைவது ஆக்சிஜன் குறைந்த நடுவில். ஈரக் கார்ப்பெட்டின் கீழும் இதே கதைதான். ஓரத்துத் தகரம் நன்றாக இருக்க, கால் வைக்கும் குழியில் ஓட்டை விழுகிறது. பழைய கார்ப்பெட்டின் மேலேயே புதிய மேட்டிங்கை ஒட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புதுக் கார்ப்பெட் போடும் முன், சீட்டுகளைக் கழற்றி, தகரம் தெரியும்வரை எல்லாவற்றையும் எடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஃபெல்ட்டையும் தூக்கிப்போடுங்கள். பிறகு தகரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். துருவுக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்ப்பவர்கள் உண்டு. ஆனால் உப்பை வெளியேற்றத் தண்ணீரைவிட நல்ல வழி கிடையாது. மெட்ரோ வாட்டர்தான் வேண்டும், போர் தண்ணீர் ஆகாது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடிக்குள் கடல்நீர் ஏறியிருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். அந்தத் தண்ணீரில் கழுவினால் மறுபடி உப்பைத் தடவுகிறோம்.

நன்றாகக் காய்ந்ததும் கம்பி பிரஷ். அதற்குப் பின் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, மிச்சத் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். அதன் மேல் பிரைமர், பெயிண்ட். தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களை நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டாம், அடுத்த வெள்ளத்துக்கு அவைதான் வடிகால். நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் மேலே வரும் துளையை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். தண்ணீர், சூடு, இரைச்சல் மூன்றும் அந்த வழியாகத்தான் ஏறும்.

இரைச்சலைக் கார்ப்பெட் மட்டும் குறைத்துவிடாது. பறையின் தோலில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு அடங்குவதுபோல, தகரத்தில் ஒட்டிய பிட்டுமென் (தார் போன்ற பொருள்) ஷீட் அதிர்வை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. பெரிய தட்டையான பகுதிகளின் நடுவில் ஒட்டினாலே நல்ல பலன். மேலே போடும் ஃபெல்ட் உயர் சுருதி ஒலியை உறிஞ்சும்.

ஃபெல்ட் சணலாக இருந்தால், சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 13 சதவீத ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலிப்ராப்பிலீன் இழை அநேகமாக எதையும் பிடிக்காது. வடசென்னைக்கு என் தேர்வு இதுதான். இது சுமார் 165 டிகிரியில் உருகும். அதனால் தரையின் நடுவில் கியர்பாக்ஸுக்காக மேடாக எழும்பும் பகுதியின் மேல் வளைக்கும்போது ஹாட் ஏர் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டில் இளகும் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால், அதே வளைவில் நின்றுவிடும். நடு மேட்டில் தொடங்கி இரு பக்கமும் இறங்கிவாருங்கள். கதவோரத்தைக் கடைசியில் வெட்டுங்கள்.

போல்ட் துளைகளுக்கு ட்ரில் போடாதீர்கள். நூல் பிட்டில் சுற்றிக்கொண்டு கார்ப்பெட் நெடுக இழுபடும். சூடான சால்டரிங் அயர்னால் துளைத்தால் இழை முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றி மட்டும் தாராளமாக வட்டமாக வெட்டி எடுங்கள். மெத்தென்ற எதுவும் இடையில் சிக்கினால் நாளாவட்டத்தில் அது அமுங்கி, போல்ட்டின் இறுக்கம் தளரும். பெல்ட்டின் இரும்புப் பட்டை நேராகத் தகரத்தில் உட்கார வேண்டும்.