ஃப்ரீ லிஸ்ட்டில் எத்தனை பிளாக் மிச்சம் வைப்பது?

நெரிசல் நேரத்தில் ஏறிய சர்வரின் மெமரி, கூட்டம் வடிந்த பிறகும் இறங்கவில்லை என்றால் பலரும் உடனே லீக்கை (திருப்பித் தராமல் விட்ட மெமரியை) தேடுகிறார்கள். முதலில் புரோகிராமுக்கு மெமரியைப் பிரித்துத் தரும் அலோகேட்டரைப் பாருங்கள். புரோகிராம் ஃப்ரீ செய்த (திருப்பித் தந்த) பிளாக்குகளை அது அடுத்த மாலாக்குக்காக, அதாவது அடுத்த மெமரிக் கோரிக்கைக்காக, தன் ஃப்ரீ லிஸ்ட்டிலேயே வைத்திருக்கக்கூடும்.

எத்தனை வைக்கலாம்? நிலையான எண்ணே எளிய வழி. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.26இல் (2017) த்ரெட்டுக்குத் த்ரெட் தனியான டிகேஷ் வந்தபோது ஒவ்வோர் அளவுக்கும் 7 துண்டு என்றுதான் வைத்தார்கள். அண்மைப் பயன்பாட்டை வைத்து முடிவெடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சராசரி நீளத்தை எடுக்கிறார்கள். அங்கேதான் தவறுகிறது. 0க்கும் 200க்கும் இடையே ஏறி இறங்கும் லிஸ்ட்டின் சராசரி 100 இருக்கலாம். ஆனால் அதில் உபரி ஒன்றுகூட இல்லை. 100ஆக வெட்டினால் அடுத்த அலையில் மறுபடி நிரப்ப வேண்டிவரும்.

கணக்கில் எடுக்க வேண்டியது ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் லிஸ்ட் தொட்ட மிகக் குறைந்த நீளம். அது 40 என்றால், அந்த 40 பிளாக் இல்லாமலே வேலை நடந்திருக்கிறது. இதற்குச் செலவு, ஒவ்வொரு பிளாக்கை எடுக்கும்போதும் ஓர் ஒப்பீடு மட்டுமே. இடைவெளி முடிந்ததும் உபரியில் ஒரு பகுதியை லிஸ்ட்டிலிருந்து வெளியேற்றிவிட்டு, குறைந்த அளவை இப்போதைய நீளத்துக்கு மாற்றி வையுங்கள். மறந்தால் பழைய அலையின் 0 அப்படியே நின்று, எதுவுமே வெளியேறாது.

கூகுளின் டிசிமாலாக் என்ற அலோகேட்டர், த்ரெட் வாரியான கேஷில் இந்த உபரியில் பாதியை வெளியேற்றுகிறது. ஜேஇமாலாக் என்ற இன்னொன்று முக்கால் பங்கை. முழுவதையும் விடாததற்குக் காரணம், அடுத்த இடைவெளி இதைப்போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சும்மா கிடக்கும் லிஸ்ட் எப்படியும் 40, 20, 10 என்று சில சுற்றுகளில் வற்றிவிடும்.

எந்த முனையிலிருந்து விடுவது என்பதும் முக்கியம். கடைசியாக வந்த பிளாக் சிபியு கேஷில் இன்னும் சூடாக இருக்கும். அதை விட்டுவிட்டுப் பழையதை வைத்திருப்பது நஷ்டம். ஜேஇமாலாக் அர்ரே ஸ்டாக் வைத்திருப்பதால் அடியிலிருந்தே எடுக்க முடிகிறது. ஒற்றை இணைப்புப் பட்டியலில் அது சுலபமில்லை.

இடைவெளியை அலோகேஷன் எண்ணிக்கையால் அளந்தால் ஒரு பொறி உண்டு: தூங்கும் த்ரெட் எதையும் கேட்காது, அதனால் அதன் கேஷ் (அதற்கென்று தனியாக உள்ள ஃப்ரீ லிஸ்ட்கள்) சுருங்கவும் செய்யாது. நீண்ட நேரம் காத்திருக்கப்போகும் த்ரெட், தூங்குமுன் தானே கேஷைக் காலி செய்யட்டும்.

கடைசியாக ஒன்று. லினக்ஸில் மேட்வ்-ஃப்ரீ (MADV_FREE) மூலம் சிஸ்டத்துக்குத் திருப்பிய மெமரிப் பக்கங்கள், மெமரிக்கு நெருக்கடி வரும்வரை ஆர்எஸ்எஸ் (புரோகிராம் பிடித்திருக்கும் ரேம்) கணக்கில் அப்படியே நிற்கும். டியூனிங் பலித்ததா என்று அளக்கும்போது பக்கங்களை உடனே விடுவிக்கும் மேட்வ்-டோன்ட்நீடுக்கு (MADV_DONTNEED) மாறிக்கொள்ளுங்கள்.