ட்ரெட்மில் வாங்குறீங்களா? ஸ்டிக்கர விட்டுட்டு ப்ளக்க பாருங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு இந்த சுத்துவட்டாரத்துல ஜிம் மெஷினும் வீட்டு ட்ரெட்மில்லும் ரிப்பேர் பாக்குறதுதான் என் பொழப்பு. போன் பண்றவங்க கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "அண்ணே, தினமும் ஓடுறதுக்கு ஒரு ட்ரெட்மில் சொல்லுங்க, விலையும் கட்டுப்படியாகணும், நாள்பட உழைக்கவும் செய்யணும்". நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்களே "நாலு எச்பி மோட்டார் ஒண்ணு ஆஃபர்ல போட்டுருக்காக, எடுத்துரவா?"ன்னு கேப்பாங்க. அந்த நாலு எச்பில இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா மக்கள் ஏமாறுற முதல் இடமே அதுதான்.

ஒரு எச்பின்னா 746 வாட்ஸ். நாலு எச்பின்னா கிட்டத்தட்ட 3000 வாட்ஸ். இப்ப அந்த மெஷினோட ப்ளக்க பாருங்க, நம்ம மிக்ஸிக்கு டிவிக்கு இருக்குற மாதிரி சின்ன 6 ஆம்ப் ப்ளக்கா இருந்துச்சுன்னா அதுல 230 வோல்ட்ல முறையா எடுக்கக்கூடியது 1380 வாட்ஸ்தான், ரெண்டு எச்பி கூட கிடையாது. அப்ப மிச்ச ரெண்டு எச்பி எங்கேருந்து வருது? எங்கேருந்தும் வரல. அது பீக் எச்பி, மோட்டார் ஒரு நொடி முக்குனா எவ்வளவு காட்டும்ங்குற கணக்கு. நீங்க அரை மணி நேரம் ஓடுறப்ப அந்த சக்தி கிடைக்காது. கடையில கேக்க வேண்டியது கன்டினியூவஸ் எச்பி, அதாவது மோட்டார் விடாம தொடர்ந்து குடுக்குற சக்தி, எவ்வளவுன்னு மட்டும்தான். அவங்க மழுப்புனா, கரண்ட் வயர் சொருகுற இடத்துக்குப் பக்கத்துல ஃப்ரேம்ல ஒரு ரேட்டிங் ப்ளேட் ஒட்டிருக்கும், அதுல வாட்ஸோ ஆம்ப்ஸோ போட்டுருப்பாங்க, குனிஞ்சு படிங்க. அட்டையில என்னத்த வேணாலும் அச்சடிக்கலாம், ப்ளேட்ல அவ்வளவு லேசா புளுக முடியாது.

வெறும் நடைக்குன்னா ஒன்றரை எச்பி கன்டினியூவஸ் தாராளம். வாரத்துல நாலஞ்சு நாள் ஓடணும்னா ரெண்டரைக்கு கீழ போகாதீங்க, உடம்பு 90 கிலோவுக்கு மேலன்னா மூணு எச்பியே பாருங்க. அந்த அளவு மோட்டார் உண்மையிலேயே இருக்குற மெஷின்ல பெரும்பாலும் பெரிய 16 ஆம்ப் ப்ளக்தான் இருக்கும்.

ஆனா என்கிட்ட வர்ற கேஸ்ல மோட்டார் தானா செத்தது ரொம்ப கம்மி. ட்ரெட்மில்ல பெல்ட்டோட அடிப்பக்கம் கீழ இருக்குற பலகை மேல ஒரசிக்கிட்டேதான் ஓடும், டெக்குன்னு சொல்லுவாங்க, மரத்தூள அமுக்கி செஞ்ச எம்டிஎஃப் பலகை, மேல வழவழப்பா ஒரு பூச்சு இருக்கும். அந்த ரெண்டுக்கும் நடுவுல சிலிகான் ஆயில் காஞ்சு போச்சுன்னா உராய்வு ஏறும், மோட்டார் அதே வேகத்துல இழுக்குறதுக்கு கூட ஆம்ப்ஸ் எடுக்கும், அந்த ஆம்ப்ஸ் பூரா மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற கன்ட்ரோல் போர்டு வழியாத்தான் போகணும், ஒருநாள் போர்டுல இருக்குற பார்ட் வெடிச்சிரும். காஞ்சது பெல்ட், எரிஞ்சது போர்டு, பழி மோட்டார் மேல.

பள்ளத்தூர்ல ஒரு வீடு. மகன் சிங்கப்பூர்ல இருந்து ஆர்டர் போட்டு அனுப்புனது, இரண்டாம் கட்டுல தூண் ஓரமா போட்டுருந்தாங்க. பத்து நிமிஷம் நடந்தா தானா நின்னுருது, யாரோ வந்து பாத்துட்டு மோட்டார் போச்சு புதுசு போடணும்னு ஒரு பெரிய தொகைய சொல்லிட்டு போயிருக்காங்க. மோட்டார் மூடிய கழட்டுனா உள்ள பெல்ட் தேஞ்ச கருப்பு பொடி, போர்டு ஓரத்துல ஒரு பல்லி காஞ்சு கிடக்கு, நல்லவேளை ஷார்ட் ஆகல. பெல்ட்டுக்கு அடியில கைய விட்டா பிசுபிசுன்னு ஒட்டுது. "ஆச்சி, இதுக்கு என்ன விட்டீங்க?"ன்னேன். "கீச்சு கீச்சுன்னு சத்தம் வந்துச்சுப்பா, ஊஞ்சச் சங்கிலிக்கு விடுற மாதிரி கொஞ்சம் தேங்காண்ணெ விட்டேன், தப்பா?"ன்னாக. தேங்காண்ணெயும் தூசியும் சேந்து பசையாகிப் போச்சு. கரண்ட் எவ்வளவு ஓடுதுன்னு காட்டுற கிளாம்ப் மீட்டர வயர்ல மாட்டி ஆள் ஏறி நடந்து பாத்தப்ப அஞ்சு ஆம்ப தாண்டிருச்சு. பெல்ட்ட லூஸ் பண்ணி, அடிப்பக்கத்தையும் பலகையையும் நல்லா துடைச்சு எடுத்துட்டு, சிலிகான் ஆயில் விட்டு அதே ஆள ஏத்துனா மூணுக்குள்ள வந்துருச்சு. மோட்டாருக்கு ஒரு கேடும் இல்ல. புது மோட்டார் போட்டிருந்தா அதுவும் பத்து நிமிஷத்துல நின்னுருக்கும், என்ன, பில்லு மட்டும் பெருசா வந்திருக்கும்.

அதனால சுத்தமான சிலிகான் ஆயில் மட்டும்தான். தேங்காண்ணெ, கிரீஸ், இஞ்சின் ஆயில், துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எதுவும் கூடாது. மெஷின ஆஃப் பண்ணி ப்ளக்க உருவிட்டு பெல்ட்டுக்கு அடியில நடுப்பக்கம் வரைக்கும் கைய விட்டு தடவுங்க, விரல்ல வழுவழுன்னு லேசா ஒட்டுனா போதும், வறவறன்னு இருந்தா ரெண்டு பக்கமும் கொஞ்சங் கொஞ்சமா விடுங்க, தினமும் ஓடுறவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தேவைப்படும். நெறைய விட்டா நல்லதுன்னு பாட்டில கவுத்துறாதீங்க, பெல்ட் வழுக்க ஆரம்பிச்சிரும். அதோட நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு ஆத்தங்குடி டைல்ஸ், அது மேல சிலிகான் ஒரு சொட்டு சிந்துனா கூட கால் வச்சவங்க விழுந்துருவாங்க, சும்மா துடைச்சா போகாது, சோப்புத்தண்ணி போட்டு தேய்க்கணும். மெஷினுக்கு அடியில தடியான ரப்பர் மேட் போட்டுட்டு அப்புறம் எதையும் செய்ங்க, டைல்ஸ்ல கீறலும் விழாது.

பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்குதா, பின்னாடி ரெண்டு மூலையிலயும் ஆலன் போல்ட் இருக்கும். இடது பக்கம் ஒதுங்குனா இடது போல்ட்ட வலஞ்சுழியா கால் சுத்து, அவ்வளவுதான், ஒரு நிமிஷம் ஓடவிட்டு பாத்துட்டு அடுத்த கால் சுத்து. பலத்த காட்டி முறுக்குனா ரோலர் பேரிங் போயிரும்.

ஓடுறவங்களுக்கும் நடக்குறவங்களுக்கும் மெஷின் வேற வேறன்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஓடுறப்ப ஒவ்வொரு காலடியிலயும் உடம்பு எடைய போல ரெண்டுல இருந்து மூணு மடங்கு பலகையில இறங்குது. 80 கிலோ ஆள்னா 160ல இருந்து 240 வரைக்கும், அதுவும் நிமிஷத்துக்கு நூத்தம்பது தடவைக்கு மேல. அட்டையில அதிகபட்சம் 100 கிலோன்னு போட்டுருந்தா 80 கிலோ ஆள் நடக்கலாம், தினமும் ஓடுனா பலகை நடுவுல சீக்கிரம் தேஞ்சிரும். உங்க எடைக்கு மேல ஒரு 30 கிலோவாவது கூட தாங்குறத எடுங்க. பெல்ட் அகலம் 18 இஞ்ச்சுக்கு குறையக் கூடாது, 20 இருந்தா நிம்மதி. நீளம் 50 இஞ்ச்சுக்கு மேல, நல்ல உயரமான ஆளுன்னா 55 வேணும், ஏன்னா வேகம் கூடக்கூட எட்டி வைக்கிற அடி நீளமாகும், குட்டி பெல்ட்ல முன்னாடி மூடியில கால் இடிக்கும், இல்ல பின்னாடி விளிம்புல மிதிப்பீங்க. கடைக்கு செருப்போட போயி பட்டன அமுக்கி பாத்துட்டு வராதீங்க, ஷூ போட்டுட்டு போயி பத்து நிமிஷம் ஓடிப் பாருங்க, வாங்குறவங்க நீங்க, எதுக்கு கூச்சம்.

வேகத்துல ஒண்ணு. பத்து கிமீ வேகம்னா ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம், பன்னெண்டுன்னா அஞ்சு நிமிஷம். உங்க ஓட்டம் பன்னெண்டுன்னா மெஷினோட உச்ச வேகமும் பன்னெண்டா இருக்கக் கூடாது, தினமும் உச்சத்துலயே ஓட்டுனா எந்த மெஷினும் தாங்காது, 16 வரைக்கும் போறதா எடுங்க. அதே மாதிரி மெதுவா போனா மெஷினுக்கு நல்லதுன்னும் நினைக்காதீங்க. நல்ல எடையுள்ள ஆளு ரெண்டு கிமீ வேகத்துல ஒரு மணி நேரம் நடந்தா, டிசி மோட்டாரோட சொந்த ஃபேனும் மெதுவாத்தான சுத்தும், சூடு வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்கும்.

இப்ப வீட்டுக்கு வருவோம். மெஷினுக்கு அம்பதாயிரம் எழுபதாயிரம் செலவு பண்றவங்க கரண்ட் பாயிண்டுக்கு ரெண்டாயிரம் செலவு பண்ண யோசிப்பாங்க, அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. பழைய வீடுகள்ல இன்னும் மரப்பட்டை வயரிங்தான் ஓடுது, சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கும், எர்த் வயர் எங்கயும் போயி சேராது. லோடு கூடுனா தானா ட்ரிப் ஆகுற சுவிட்ச், எம்சிபின்னு சொல்லுவாங்க, அது தனியா ஒண்ணு போட்டு அதுல இருந்து 16 ஆம்ப் லைன் இழுத்து, எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியன வச்சு டெஸ்ட் பண்ணிட்டு மெஷின இறக்குங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், வீட்டு இன்வெர்ட்டர்லயும் ஓட்டாதீங்க. சாயங்காலம் வோல்டேஜ் இறங்குற தெருவுன்னா ஸ்டெபிலைசர் போடுங்க, வோல்டேஜ் குறைஞ்சா அதே வேலைக்கு மெஷின் ஆம்ப்ஸ கூட இழுக்கும், மறுபடியும் அடி போர்டுக்குத்தான்.

காத்து வருதுன்னு வீட்டு நடுவுல திறந்து கிடக்குற வளவு வாசல் ஓரத்துல போடாதீங்க, ஒரு மழைச் சாரல் போதும். மேல் மாடியில மர உத்தரத்து மேல போட்ட மச்சுன்னா கொத்தனார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சுவர் ஓரமா போடுங்க, நடுக் கூடத்துல வேண்டாம். மெஷினுக்கு பின்னாடி ஆறடி காலியா விடணும், கால் தவறி விழுந்தா சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல மாட்டிக்கக் கூடாது. வருஷத்துல பாதி நாள் பூட்டிக் கிடக்குற வீடுன்னா ப்ளக்க உருவிட்டு போங்க, எலிக்கு ஒயர்னா உசுரு.

குழந்தைங்க விஷயம். கல்யாணம் காச்சி, பிள்ளையார் நோன்புன்னா வீடு நெறைய பிள்ளைங்க வரும், புது மெஷினப் பாத்தா ஏறத்தான் செய்யும். ஓடுற பெல்ட்ல கை பட்டா தோல் உரிஞ்சிரும், பின்பக்கம் உள்ள இழுத்துச்சுன்னா இன்னும் மோசம். 2021ல அமெரிக்காவுல பெலடான் கம்பெனி தன்னோட ட்ரெட் ப்ளஸ் மாடல ஒரு குழந்தை இறந்த பிறகு மொத்தமா திரும்ப வாங்கிக்கிறதா அறிவிச்சுச்சு. சிவப்பு சேஃப்டி கீ கிளிப்ப சட்டையில மாட்டாம ஓடாதீங்க, ஓடி முடிச்சதும் அத உருவி பீரோவுல வையுங்க.

விலைன்னு கேட்டா, முப்பதாயிரத்துக்குள்ள வர்றது நடக்குறதுக்கான மெஷின்னே வச்சுக்கங்க, மசாஜர், டம்பெல், ஸ்பீக்கர்னு கூட ஒட்டிருந்தா அந்த காசு மோட்டார்லயும் பலகையிலயும் இருந்துதான் குறைஞ்சிருக்கும். இடம் தாராளமா இருக்குற நம்ம ஊர் வீடுகளுக்கு என் சாய்ஸ் வேற, மூடுற ஜிம்முல இருந்து வர்ற ஏசி மோட்டார் மெஷின விலை பேசி எடுத்து பெல்ட்டும் பலகையும் புதுசா மாத்திக்கிறது. கனம்தான் தொல்லை, தூக்க நாலு ஆள் வேணும், வீட்ல மாடிப்படி குறுகல்னா மறந்துருங்க. போர்டுக்கு ஸ்பேர் கிடைக்காத மாடல்னா சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க.

புதுசுன்னா வாரன்டி கார்டுல மோட்டாருக்கு எத்தனை வருஷம்னு பாக்காதீங்க, அது தாராளமா போட்டுருப்பாங்க. போர்டுக்கு எத்தனை வருஷம், பெல்ட்டும் பலகையும் தேய்மானக் கணக்குல வெளிய போகுதா, வோல்டேஜ்ல போனா யார் பொறுப்பு, இத கேளுங்க. சர்வீஸ் ஆள் இங்க மதுரையில இருந்தோ திருச்சியில இருந்தோதான் வரணும். கடைக்காரர் "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் சார்"னு சொன்னார்னா, எந்த ஊர்ல இருந்து ஆள் வருவார், எத்தனை நாள்ல வருவார், வர்ற செலவு யாருதுன்னு பில்லுக்குப் பின்னாடி எழுதி சீல் போட்டு வாங்கிக்கங்க, எழுத யோசிச்சார்னா அடுத்த கடைக்கு போயிருங்க.